சுண்டுவிரல் எழுத்து

பால் ஊற்றிவிட்டு வந்து வாளியை வாசல் இஸ்தோப்பில் இறக்கி வைக்கவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சிங்களப் பொம்பளையின் குரல் வந்துவிட்டது.

“வத்துர டிக்கக் தென்ன.”

தண்ணீர் கொஞ்சம் வேண்டுமாம். ஜெயக்கொடி வாளியை டொக்கென்று வைத்தாள். விடியுமுன் எழும்பி, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மழை ஈரத்தில் மலை ஏறி இறங்கி, முந்நூறு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்து, சுமந்து கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு வருகிறாள். வந்த மனுசிக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்க நாதி இல்லை. இந்த அம்மணிக்கு மட்டும் வேளை தவறாமல் தாகம் எடுத்துவிடும்.

“வந்துட்டேன் தாயே, வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே செம்பை எடுத்தாள்.

உள்ளே எந்தப் பொம்பளையும் இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அவள் புருசன் மூக்கையாதான். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, மடியில் ஒரு போன். பேசியது போன். சித்திரை வருசம் கழிந்த கையோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் மூக்கையாவின் தொண்டையில் இருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. போகும் என்று டாக்டர் முன்னமே சொல்லித்தான் செய்தார், யாரையும் குறை சொல்வதற்கில்லை. குறை சொல்ல ஆள் இல்லாத கஷ்டம்தான் மிகவும் களைக்க வைக்கிறது.

மூக்கையாவின் குரலைத் தெரியாதவர்கள் தெரணியகலைப் பக்கத்தில் குறைவு. பதினைந்து வருசம் பால்மலைக் கங்காணி. மரங்களில் பால் வடிந்து நின்று எடுக்கிற நேரம் வந்ததும் மேட்டில் ஏறி நின்று “பாலெடுங்கோ…” என்று ஒரு கூவல் போடுவார். பக்கத்து டிவிஷன்காரர்கள் அதைக் கேட்டுத் தங்கள் வாளியைத் தூக்குவார்கள். வீட்டிலும் அதே சத்தம்தான். உப்பு எங்கே என்று கேட்டால் லயத்தில் வரிசையாக இருக்கிற ஆறு காம்பராவுக்கும் உப்பு ஞாபகம் வரும். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து ஜெயக்கொடி சொல்லிச் சொல்லி அலுத்தது ஒன்றுதான்: “கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்.” இப்போது அதை நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல வரும்.

வாய் போனால் கை இருக்கிறதே, எழுதிக் காட்டலாமே என்று ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ் சொன்னாள். அங்கேதான் கூத்து. மூக்கையா படித்தது சிங்களத்தில். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவார், ஒரு மாசம் இருப்பார், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வெறுத்துப்போன அவருடைய அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிராமத்து இஸ்கோலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எட்டாவது வரைக்கும் சிங்கள எழுத்து. ஜெயக்கொடியோ வேறு தோட்டத்துப் பெண். அஞ்சாவது வரைக்கும் தமிழ் எழுத்து. அவளுக்குச் சிங்களம் பேச வரும், கடையில் சண்டை போடுகிற அளவுக்கே வரும், வாசிக்க வராது. அவருக்குத் தமிழ் பேச்சு, எழுத்து கிடையாது. இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடு. இருபத்தைந்து வருசக் குடித்தனத்தில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. புருசனும் பெண்சாதியும் ஒரே காம்பராவில் இருந்துகொண்டு எழுதி என்ன ஆகப்போகிறது?

மகன் கிருஷாந்த் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை செய்கிறான். அவன்தான் போனை வாங்கிக் கொண்டுவந்தான். முதலில் எழுத்துப் பலகையைக் காட்டினான். அரிசி மணி அரிசி மணியாக எழுத்துகள். மூக்கையா ஒன்றை அமுக்கினால் மூன்று விழும். வேண்டிய எழுத்து எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் சொல்ல வந்த விஷயம் ஆறிப்போகும். அன்றைக்கு அவர் போனை மெத்தையில் விட்டெறிந்தார். சுவரில் எறியவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

“அப்பா, இருங்க, இருங்க” என்று மகன் எதையோ நோண்டி எழுத்துகளை எல்லாம் போக்கிவிட்டான். வெறும் வெள்ளை இடம் வந்தது. “இதுல வெரலால எழுதுங்கப்பா. சிலேட்டுல எழுதுற மாதிரி.”

மூக்கையா ஆள்காட்டி விரலை வைத்தார். ஒன்றும் விழவில்லை. கட்டை விரல், நடு விரல், எதையும் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. எத்தனை வருசம் கத்தி பிடித்த கை, பால் உறைய வைக்கிற அசிட்டில் தோய்ந்த கை! தோல் காய்த்துப்போய், அது விரல் என்றே போனுக்குத் தெரியவில்லை. கடைசியில் சுண்டுவிரல்தான் கை கொடுத்தது. கத்தியோடு சம்பந்தமில்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த விரல் அது ஒன்றுதான். சுண்டுவிரலை நீட்டி, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு, அவர் கோடு இழுத்தார். கறுப்பாக, தடிப்பாக அவருடைய கோடு விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றது. அப்புறம் போன் அதை விழுங்கிவிட்டு, அச்சடித்த எழுத்தைத் துப்பியது. ஓரத்தில் இருந்த ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டதும் அந்தச் சிங்களப் பொம்பளை வாசித்தாள்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் இருமினால் ஆறாவது காம்பராவில் கேட்கும். அன்றைக்கு அந்தக் குரல் வந்ததும் பக்கத்துக் காம்பரா ஷாமிளா, யாரோ ஆஸ்பத்திரி மிஸ் பார்வையிட வந்திருக்கிறாள் என்று நினைத்து, கொடியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளி உள்ளே போட்டுவிட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, “என்ன மிஸ், என்ன” என்று ஓடி வந்து நின்றாள். அந்த “என்ன” தமிழ் இல்லை, சிங்களத்தில் வாங்க என்று அர்த்தம். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மூக்கையா தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் ஜெயக்கொடி அடுப்படிக்குப் போனாள்.

தமிழிலும் பேச வைக்கலாம் என்று மகன் ஒரு வித்தை காட்டினான். அவர் சிங்களத்தில் எழுதினார். போன் கொஞ்சம் யோசித்து, “தாங்கள் உணவு உண்டீர்களா?” என்று கேட்டது.

“யார்ரா இது?” என்றாள் ஜெயக்கொடி. “இருவத்தஞ்சு வருசமா ‘தின்னியா கொடி’ன்னு கேட்ட மனுசன், இப்ப தாங்கள் நீங்கள்ங்கிறாரு! மூடுடா அத. இதுக்கு அந்தச் சிங்களத்தியே தேவல.”

ஆனால் சிங்களத்தியும் லேசுப்பட்டவள் இல்லை. அவளுக்குக் கோபம் கிடையாது, கொஞ்சல் கிடையாது, அலுப்பும் கிடையாது. தண்ணீர் கேட்டாலும் ஒரே குரல், வலிக்கிறது என்றாலும் அதே குரல். மூக்கையா “ஏ கொடி” என்று கூப்பிட்டால் அந்த ஏகாரத்தின் நீளத்தை வைத்தே ஜெயக்கொடி கண்டுபிடித்துவிடுவாள், சோறு வேணுமா, சண்டை வேணுமா, சும்மாதானா என்று. உலகத்தில் அவளைக் கொடி என்று கூப்பிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவள் அக்கா, அம்மா, ஜெயா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளை அப்படி யாரும் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே இருக்கிறவளைப் பெயர் எழுதிக் கூப்பிட என்ன அவசியம்? வேண்டியதை எழுதினால் போதும்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பழகிவந்தது. சிங்கள எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் போன் விழுங்குவதற்கு முந்தி அந்தக் கோடு கொஞ்ச நேரம் நிற்கிறதே, அதைப் பார்ப்பாள். அது அவர் கோடு. வலி இருக்கிற நாளில் நடுங்கி விழும். பசியில் அவசரமாக ஓடும். மனசில்லாமல் எழுதினால் பாதியில் நின்று நின்று போகும். அச்செழுத்து வந்தபிறகு அதெல்லாம் மறைந்துவிடும். அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்து, மூச்சு விடக் கழுத்தில் போட்டிருந்த துவாரத்துக் குழாயைக் கழற்றினாள். அதைக் கொதித்த தண்ணீரில் கழுவி, சளியைத் துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். விடியுமுன் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. மூக்கையா தானே எழும்பிச் செய்யப் பார்த்தால், “சும்மா இருங்க, கையில பட்ட கிருமி எல்லாம் உள்ள போகும்” என்று அதட்டி உட்கார வைத்துவிடுவாள். தண்ணீர்ப் பானைக்குப் போகக்கூட விடமாட்டாள். அப்புறம் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையே என்று அவளே புலம்புவாள். களைப்பு வந்தால் மனுசருக்கு நியாயம் பிடிபடுவதில்லை.

அவளை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது இதெல்லாம் இல்லை. வருகிற வியாழக்கிழமை. கட்டி திரும்ப வராமல் இருக்க ஆறு வாரம் தொண்டைக்குக் கதிர் வைக்க வேண்டும், கரண்ட் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிடித்தால் நல்லது, கஷ்டம்தான், நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பினார். ஆறு வாரம் கொழும்பில்! ஒப்பரேஷனுக்குப் போனபோது பட்டது போதாதா? பகலெல்லாம் வாங்கில் குந்தியிருந்து, இரவில் யாரோ காட்டிய மண்டபத்தில் சேலையை விரித்துப் படுத்து, கக்கூசுக்கு வரிசையில் நின்று, கொழும்பு வெக்கையில் வெந்து, திரும்பி வந்தபோது அவளே பாதி நோயாளி. அந்த மண்டபத்தின் தரை நினைவுக்கு வரும்போதெல்லாம் முதுகு வலித்தது.

கிருஷாந்த் போனில் சொன்னான்: “நான் பாத்துக்கிறேம்மா. அப்பா என் ரூம்ல இருக்கட்டும். இப்திகார் முதலாளி காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து கடையத் தொறன்னு சொல்லிட்டாரு.”

“ஒனக்கு என்னடா தெரியும்? நாலு ஆம்பளப் பயலுக இருக்குற ரூம்ல நோயாளிய வச்சிக்கிட்டு… கொழாயக் கழட்டத் தெரியுமா, மாட்டத் தெரியுமா? நான்தான் போவணும். வேற யாரு?”

சொல்வது சொல்லிவிட்டாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை. இவர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாகிவிட்டது. புருசன் பிழைக்கிற வழியை வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருக்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா? அப்படி எல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டாள். திட்டினாலும் நினைப்பு போகவில்லை, மூலையில் குந்திக்கொண்டுதான் இருந்தது.

குழாயை மாட்டி முடித்து, எதிரே உட்கார்ந்து கேட்டாள்: “என்னங்க, வியாழக்கிழம போறமா, இல்லியா? ஒங்க வாயால…” நாக்கைக் கடித்தாள். “ஒங்க கையால நீங்களே சொல்லுங்க.”

மூக்கையா அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே, காலில், சுருங்கிப்போன விரல்களில் எல்லாம் அவர் பார்வை போனது. அப்புறம் எழுதினார். கோடு நின்று நின்று போயிற்று.

“ஒயாகே கெமெத்தக்” என்றாள் போன்காரி. உன் இஷ்டம்.

ஜெயக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் இஷ்டமா? என் இஷ்டத்துக்கு இங்க எது நடந்துச்சு, இது நடக்க? ஒடம்பு ஒங்களோடது. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. எல்லாத்தையும் என் தலையில கட்டுனா நான் என்ன இரும்பா? முடியலங்க எனக்கு! முடியல!”

பக்கத்துக் காம்பராவில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று குறைந்தது. முழு லயமும் கேட்டிருக்கும். மூக்கையா ஏதோ எழுதத் தொடங்கியிருந்த விரலை எடுத்துவிட்டார். பாதிக் கோடு தானாக அழிந்தது. ஜெயக்கொடி எழுந்து போய் அரிசி களைந்தாள். அன்றைக்கு அதற்குமேல் போன் பேசவே இல்லை. படுக்குமுன் குழாயைக் கழுவும்போதுகூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் விடிய மழை விட்டிருந்தது. மரங்களில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி கத்தியோடு மரம் மரமாகப் போனாள். இத்தனை வருசத்தில் கை தானாக வேலை செய்யும். முந்தின வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரிப்பது, பட்டையைச் சீவுவது, சிரட்டையைத் திருப்பி வைப்பது, அடுத்த மரம். மனசு வேறு எங்கேயோ கிடந்தது. முடியல, முடியல என்று தான் கத்தியது காதுக்குள்ளேயே நின்றது. நோயாளியின் முகத்துக்கு நேரே இப்படியா சொல்லுவது?

ஒரு மரத்தில் சீவினாள். பால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சீவினாள். பட்டை காய்ந்து, பழுப்பாக, மரத்தூளாக உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வெட்டுக்கு மேலே, கண்ணுக்கு நேராக, வெள்ளைப் பெயின்டில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு.

அது கங்காணிக் குறி. பால் வற்றிப்போன மரத்தில் கங்காணி அந்த வட்டத்தைப் போட்டுவிட்டால் ஒருவரும் கத்தி வைக்கக் கூடாது. மரம் ஓய வேண்டும். ஓய்ந்தால் கொஞ்ச காலத்தில் பால் திரும்பும், ஓயவிடாமல் வெட்டினால் பட்டை வெடித்து மரமே போய்விடும். இந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குக்கூட அந்தக் குறி தெரியும். மூக்கையா இதில் மகா கண்டிப்பு. “மரம் வந்து சொல்லாது, நாமதான் பாக்கணும்” என்று புதுசாக வருகிற பெண்களை நிறுத்தி வைத்துச் சொல்லுவார். இந்த மரத்து வட்டமும் அவர் போட்டதுதான். அவர் கோடு எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் இறங்கும்.

“என்னக்கா இது?”

பின்னால் சுமன் நின்றான். மூக்கையாவின் இடத்துக்கு வந்திருக்கிற புதுக் கங்காணி. அவரிடம் வேலை பழகிய பையன். ஏசியிருந்தால் பரவாயில்லை. அவன் ஏசவில்லை.

“கங்காணி வட்டம் போட்ட மரத்தையா வெட்டுனீங்க? நீங்களாக்கா?”

ஜெயக்கொடி கத்தியை இடுப்பில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“சரி, போய்ச் செத்த ஒக்காருங்கக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றான்.

“ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன்ப்பா” என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. அடுத்த மரத்துக்குப் போனாள்.

பால் ஊற்றிவிட்டு லயத்துக்கு வரும்போது இஸ்தோப்பு ஓரத்தில் மோட்டார் சைக்கிள் தடம் ஈரமாகக் கிடந்தது. சுமன் வந்து போயிருக்கிறான். நடந்ததைச் சொல்லியிருப்பான். இனி இந்த மனுசன் சிங்களத்தி வாயால் லயமே கேட்கத் தன்னை ஏசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஏச்சு வாங்கத் தயாராகவே உள்ளே போனாள்.

ஏச்சு இல்லை. தண்ணீர் கேட்கவும் இல்லை. ஜன்னல் கம்பியில் சவரக் கண்ணாடி தொங்கியது. அதன் கீழே சட்டியில் கொதித்து ஆறிய தண்ணீர். மூக்கையா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் புதுத் துணி, முடிச்சு மட்டும் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“யாரு கழுவுனது? ஷாமிளாவா?”

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் கண்ணாடியைக் காட்டினார்.

“ஒங்கள யாரு…” என்று தொடங்கியவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். குழாய் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. “சுமன் சொன்னானா?”

ஆமென்று தலையை ஆட்டினார். பக்கத்தில் உட்காரும்படி கட்டிலைத் தட்டினார். அவள் உட்கார்ந்ததும் போனை மடியில் வைத்து, சுண்டுவிரலை நீட்டினார். எழுதவில்லை. ஒரு வட்டம் போட்டார். குறுக்காக ஒரு கோடு இழுத்தார். கோடு வலப்பக்கம் கொஞ்சம் இறங்கியது.

போன் அதை விழுங்கி, தனக்குத் தெரிந்த எதையோ துப்பியது. அவர் கை பட்டதில் குரல் வந்தது.

“பிந்துவ.”

பூச்சியம் என்கிறது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஷாமிளா, “என்னக்கா, பூச்சியம்ங்குது?” என்றாள்.

ஜெயக்கொடிக்கு அது காதில் விழுந்தும் விழவில்லை. லயம் பூராவும் பூச்சியம் என்று கேட்டுக்கொள்ளட்டும். அவளுக்குத் தெரியும் அது என்ன என்று. வெட்டாதே. ஓயட்டும். தன் உடம்பைத்தான் சொல்கிறார். கத்தி வைத்தது போதும், கரண்டும் வேண்டாம், சும்மா விடு என்கிறார். அது விளங்கிய நொடியில் முதுகுக்குள் இறுகிக் கிடந்தது எல்லாம் இளகியது. போகவேண்டாம்! அந்த மண்டபம், அந்தத் தரை, ஒன்றும் வேண்டாம்! அடுத்த நொடியே, சீ, இதற்கா உடம்பு சந்தோசப்படுகிறது என்று நினைத்து அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“சரிங்க” என்றாள். “வேணாம்னா வேணாம். நான் ஒண்ணும் சொல்லல. நேத்து கத்துனத மட்டும் மனசுல வச்சிக்காதீங்க.”

மூக்கையா தலையை வேகமாக ஆட்டினார், இல்லை இல்லை என்று. போனைத் துடைத்துவிட்டு மறுபடி வட்டம் போட்டார். குறுக்கே கோடு. போன் விழுங்குவதற்கு முன்னால், கோடு கறுப்பாக நிற்கும்போதே, போனை அவள் பக்கம் திருப்பினார். அதே சுண்டுவிரலால் அவள் தோளைத் தொட்டார். ஒரு தரம். அவள் விளங்காமல் பார்க்க, இன்னொரு தரம்.

அவளைச் சொல்கிறார். வட்டம் அவளுக்கு.

அதற்கப்புறம் அவர் நிறைய எழுதினார். ஜெயக்கொடி கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துத் தொட்டதும், “மங் புத்தா எக்க யன்னங். ஒயா கெதர இன்ன” என்றது போன். நான் மகனோடு போகிறேன், நீ வீட்டில் இரு.

“அவனால எப்பிடி? கொழாய யாரு…”

கண்ணாடியைக் காட்டினார்.

“சாப்பாடு? கஞ்சி? கடச்சோறு ஒங்களுக்கு எறங்குமா? ஆறு வாரங்க! அந்தப் பயலுக்குத் தன் சட்டையையே தொவைக்கத் தெரியாது.”

மூக்கையா மறுபடி வட்டத்தையே போட்டார். இந்தத் தடவை போன் முழுக்க, விளிம்பு தட்டுகிற அளவுக்குப் பெரிசாகப் போட்டு, கோட்டை இழுத்து, தானாகவே ஒலிபெருக்கியைத் தொட்டார்.

“பிந்துவ.”

“அண்ணே,” என்றாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஷாமிளா, “அக்காவுக்கு மார்க்கு போடுறீங்களா?”

அழுதுகொண்டிருந்த ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோளும் குலுங்கியது. அன்றைக்குப் போல அவள் எழுந்து ஓடவில்லை, இருந்து பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எனக்காகச் சொல்லாதீங்க. நெசமாவே ஒங்களுக்குப் போவணும்னு இருக்கா? கரண்ட் புடிக்கணும்னு இருக்கா?”

அவர் ஒரே சொல்லை எழுதினார். குரலுக்கு முன்னால் அவள் கோட்டைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. நிற்கவும் இல்லை. மலையில் மரத்துக்கு மரம் போகிற கால் மாதிரி அழுத்தமாக, ஒரே ஓட்டமாகப் போயிருந்தது. “ஓனே” என்றது போன். வேண்டும். அது வழக்கம்போல உப்புச் சப்பில்லாமல்தான் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

“சரி” என்றாள். “அவன வரச் சொல்றேன்.”

பிறகும் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். மூக்கையா அவள் கையைப் பிடித்து இழுத்து, தரையில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காலால் தள்ளி விரித்தார். பட்டப்பகலில் பாய் விரித்துப் படுப்பதா, யாராவது பார்த்தால் என்ன சொல்லுவார்கள் என்று அவள் முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே படுத்தாள். கையில் பால் நாற்றம் அப்படியே இருந்தது, கால் கழுவவில்லை, அடுப்பு பற்ற வைக்கவில்லை. வெளியே மறுபடி மழை பிடித்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் கண் தானாகச் செருகியது.

மேலே கட்டிலில் விரல் தேய்கிற மெல்லிய சத்தம் கேட்டது. இன்னும் என்ன எழுதுகிறார் இந்த மனுசன்? தண்ணியா, துணியா? எது வேண்டுமானாலும் அவரே எடுத்துக்கொள்ளட்டும், இன்றைக்கு எழும்பப் போவதில்லை என்று அவள் இருந்தாள்.

“கொடி” என்றது போன்.

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. ஏகாரமும் இல்லை, நீளமும் இல்லை. எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத சிங்களப் பொம்பளையின் வாயிலிருந்துதான் வந்தது. ஆனாலும் கூப்பிட்டது யார் என்பதில் ஜெயக்கொடிக்குச் சந்தேகமே இல்லை.

“ம்… இங்கதான் இருக்கேன்” என்றாள், கண்ணைத் திறக்காமல்.